ஊதா பிடித்த கண்ணாடிக் குழாய்

சுலோசனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று லேபில் எல்லோரும் சிரிப்போம். அந்தக் கோபம் இல்லாவிட்டால் ஒரு மனிதன் செத்திருப்பான்.

திருப்பதியில் தனியார் ஆஸ்பத்திரிகள் வரிசையாக முளைத்த காலம் அது. நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்த சுலோசனா, படித்து, அப்படி ஒன்றில் லேப் டெக்னீஷியன் ஆனாள். அவள் சோதித்துச் சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது தனசேகராகிய என் வேலை.

2003இல் நகரித் தறிக்காரர் செங்கல்வராயன் வந்து சேர்ந்தார். நிமோனியா முற்றி, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். ஆறாவது வாரமும் அதே குழாய். சளியை மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் அதே கிருமி, அதே மருந்துக்குக் கட்டுப்படும் என்றே வந்தது. மருந்து ஏற்றினால் காய்ச்சல் இறங்கியது, நிறுத்தினால் திரும்பியது. மகன் பெங்களூருக்குப் பிழைக்கப் போய்விட்டதால் மனைவி பச்சையம்மாள் மட்டுமே துணை. ஒருநாள் லேப் ஜன்னலில் வந்து நின்றாள்.

"மருந்து கேக்கும்னு நீதானே எழுதிக் குடுத்த? அப்பறம் ஏன்மா காய்ச்சல் வந்துக்கினே கீது?"

சுலோசனாவின் முகம் சிவந்துவிட்டது. தான் கையெழுத்திட்ட காகிதத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரம். யாரும் கேட்காமலே அந்தக் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளரவிட்டாள். மறுநாள் கொட்டிக் கழுவி, ஊதாச் சாயம் ஊற்றி, மறுபடியும் கழுவினாள். சாயம் போகவில்லை. கிருமிகள் பிசின் கட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பிசினுக்குள் மருந்து சரியாக எட்டாது. ஆறு வாரமாக மாற்றாத தொண்டைக் குழாயிலும் இப்படித்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் இதற்குக் கட்டம் கிடையாது. அடியில் பேனாவால் எழுதினாள்: "ஒட்டிப் படரும் கிருமி. தொண்டைக் குழாயை மாற்றவும்."

அவள் வீட்டுக்குப் போனதும் மேனேஜர் ஹரிபாபு அதை என் மேஜையில் வீசினார்.

"டாக்டர் கேக்காததெல்லாம் எந்துக்கு எழுதறா இவ? சுத்தமா வேற ஒண்ணு எடுப்பா."

அவள் எழுதிய வரி இல்லாமல் எடுத்தேன். அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். இன்று நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் பச்சையம்மாள் நான் அடித்த காகிதத்தோடு வந்தாள். சுலோசனா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதான் அடிச்சியா?"

தலையாட்டினேன்.

"அந்தாளு செத்தா இந்தக் காகிதத்தயா கட்டிக்கினு அழுவா அவ?"

ஊதா பிடித்த குழாயை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஏறினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். டாக்டர் முகத்துக்கு நேராக அதை நீட்டினாள்.

"அவர் சளியிலேர்ந்து வளத்தது சார். எத்தினி தபா கழுவினாலும் போவல."

டாக்டர் எரிச்சலோடு பார்த்தார். முந்திக்கொண்டவள் பச்சையம்மாள். தறி நூலுக்குக் கஞ்சி போட்டே காய்ப்பேறிய கை அவளுடையது.

"காஞ்சிபோன பாவுக் கஞ்சி மாதிரி கீது. வெறுந்தண்ணியில அலசினா போவுமா? தொண்டையில கீற குழாயக் கழட்டு சார்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அன்று மாலையே குழாயை மாற்றினார்கள். பழைய குழாயின் உட்புறம் வழவழவென்று பாசி பிடித்துக் கிடந்தது. அதே மருந்துதான் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் இறங்கிய காய்ச்சல், மருந்தை நிறுத்திய பிறகும் திரும்பவில்லை.

பாராட்டு வரவில்லை, மெமோ வந்தது. அனுமதியின்றி வார்டுக்குள் நுழைந்ததற்கு விளக்கம் வேண்டுமாம். அதன் அடியிலேயே சுலோசனா பேனாவால் ஒரு வரி எழுதினாள்: "செங்கல்வராயனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது."

ஹரிபாபு அதை என்னிடம் கொடுத்து, ஒழுங்காக அடித்து எடுக்கச் சொன்னார்.

"அடிக்க மாட்டேன் சார்," என்றேன். "அது அவங்க கையெழுத்துலயே இருக்கட்டும்."