இரண்டு வருடம் கழித்துக் கேட்ட துட்டி

சங்கரன்கோவிலை விட்டுப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு மாற்றல். திரும்பி வந்தபோது இருபத்தேழு. இத்தனை வருடத்துக்குப் பிறகு சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவளுக்கு ஏதாவது தோன்றியாக வேண்டும் என்று புனேயிலிருந்தே தயாராக வந்திருந்தேன். எழுதிவைக்கப் புது நோட்டுகூட வாங்கியிருந்தேன். இறங்கினேன். வெயில் அடித்தது. பூ மார்க்கெட் பக்கமிருந்து வாசம் வந்தது. ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி ஊரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வந்தது ஊர் பார்க்க அல்ல. ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் என்னோடு வளர்ந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மாவை நான் அத்தை என்பேன். என் அம்மா பள்ளிக்கூடத்து வேலைக்குப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னி, சோறு போட்டு, இரண்டு அடியும் போட்டு வளர்த்தது அத்தைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தை இறந்துபோனாள். தோழி செய்தி அனுப்பினாள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் அவளிடமிருந்து பதில் இல்லை. அவள் எனக்கு இனியும் உண்டா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

எங்கள் பக்கம், சாவுக்கு வர முடியாதவர்கள் பிறகு ஒரு நாள் வந்து துட்டி கேட்பார்கள். எத்தனை நாள் கழிந்தாலும் கேட்டே ஆக வேண்டும். வருவது பெண் என்றால் வாசலிலேயே அழுகை தொடங்கிவிட வேண்டும். வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். சேர்ந்து அழுது, மூக்கைச் சிந்தி, உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெருமுனையிலிருந்தே முயன்றுகொண்டுதான் வந்தேன். வரவில்லை.

தோழி சுளகை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பெரியம்மை, அத்தையின் அக்கா. என்னைக் கண்டதும் பெரியம்மை முந்தானையை வாயருகே கொண்டுபோய்த் தயாரானாள். நான் நின்றேன். அவள் காத்திருந்தாள். அடுத்த தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னட்டி, அழுகை வரலியா?" என்றாள் தோழி, தலை நிமிராமல்.

"வரல."

"வரலன்னா உக்காரு. பெரியம்ம, நீயும் சேலையக் கீழ விடு. மூச்சு முட்டிரப் போவுது."

துட்டி கேட்க வந்தவர்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் முறை. தோழி சொன்னாள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ, விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று வந்தது.

"காலைல நல்லாத்தான் எந்திச்சா. காப்பி போட்டா. எனக்கு ஒரு தம்ளர் தந்தா. நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னா. வாய்வா இருக்கும்னு பூண்டு சுட்டுக் குடுத்தேன்..."

"உடனே ஈசிஜி எடுத்தீங்களா? எத்தன மணிக்கு? அப்பவே திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருந்தா..."

கேட்டது நான்தான். படித்த படிப்பும் அப்படி, பார்க்கும் வேலையும் அப்படி. எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வாயில் ரெடியாக இருக்கும்.

பெரியம்மை என்னையே பார்த்தாள். "இவ துட்டி கேக்க வந்தாளா, கேஸு எழுத வந்தாளா?"

தோழி கீரையைக் கீழே வைத்தாள். "பூண்டு சுட்டுக் குடுத்தது நான். தப்புன்னு சொல்ல வந்தியோ? அத ரெண்டு வருசமா நானே சொல்லிக்கிடுதேன். நீ புனேலருந்து வரணும்னு இல்ல."

அதற்கு மேல் கதை நகரவில்லை. நான் எழுந்தேன். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, எந்த வீட்டிலும் சொல்வதைச் சொன்னேன்.

"போயிட்டு வாரேன்."

"அட பாவி மட்ட!" பெரியம்மை பதறிப்போய் எழுந்தாள். "துட்டி வீட்டுல வாரேன்னு சொல்லலாமாட்டி? இன்னொரு துட்டிக்கு வாரேன்னு சொன்ன மாதிரில்லா! எவ வீட்டுல வளந்த நீ?"

"இந்த வீட்டுலதான்," என்றாள் தோழி.

பெரியம்மையே பரிகாரமும் சொன்னாள். "வா, திரும்ப வந்து உக்காரு. கொஞ்ச நேரம் இருந்துட்டு, வாயத் தொறக்காம எந்திச்சுப் போ." சொல்லிவிட்டு வெற்றிலை தேடி அடுக்களைப் பக்கம் போனாள்.

தோழி ஒரு கொத்துக் கீரையை என் மடியில் போட்டாள். "சும்மா இருக்காத. உருவு."

உருவினேன்.

"அன்னைக்கு உனக்கு வாட்ஸப்புல சேதி அனுப்புனேன்லா. மூணு கும்பிடு பொம்மை திருப்பி அனுப்புன."

"ஆமா."

"டிக்கெட் கெடைக்கலியா?"

பொய்கள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். ஏனோ எடுக்கத் தோன்றவில்லை. "கெடச்சிருக்கும். லீவும் கெடச்சிருக்கும். அத்தையக் கெடத்தி வச்சிருக்கதப் பாக்க முடியாதுன்னு வரல."

"எனக்கு மட்டும் முடிஞ்சுதாக்கும்?"

இப்போதாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். விரலில் பச்சைக் கறை ஒட்டியது. அவ்வளவுதான்.

"நீ வருவேன்னு நெனச்சேன்," என்றாள். "தூக்க விடல. சாயந்தரம் வரைக்கும் வச்சிருந்தேன். எல்லாரும் ஏசுனாவ."

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

கீரை முடிந்தது. அவள் சுளகை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பாமல், "எந்திச்சுப் போ," என்றாள். நான் எதுவும் சொல்லாமல் எழுந்தேன். செருப்பை மாட்டினேன். யாரும் வாசல்வரை வரவில்லை. வரக் கூடாது, அதுதான் முறை. அவள் கோபத்தில் திரும்பவில்லையா, முறைக்காகத் திரும்பவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முதுகைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் பக்கத்தில் இருந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ் கிளம்பிப் போனது. நிழலில் நின்றுகொண்டு, அன்றைக்குச் சாயந்தரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒருத்திக்குப் பிறந்தநாள். எல்லோரும் கை தட்டினோம். கேக் நன்றாக இருந்தது. நான் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.