மூன்றாவது ஜோடி

எட்டாம் வகுப்பில் எனக்குப் பார்வை போனது. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. பிறகு ரயிலில் சீப்பு விற்றேன், ஹூப்ளியில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னினேன், சேலத்தில் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்தேன். எந்த ஊரிலும் நிலைக்கவில்லை. பெங்களூருக்கும் போகிற போக்கில்தான் வந்தேன். இங்கே தங்கிப்போனதற்கு எங்கள் டீம் லீடர் ஒரு காரணம்.

பார்வையில்லாதவர்கள் ஓர் இணையதளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. வைட்ஃபீல்டில் சின்ன ஆபீஸ். லீடருக்கும் பார்வை இல்லை. வேலூர்க்காரப் பெண்மணி, கிட்டத்தட்ட என் வயது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை அவர் ஓடவிடும் வேகத்தில், பக்கத்தில் இருப்பவருக்குத் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல்தான் கேட்கும். அந்த மழையில் ஒரு சொல் பிசகினாலும் அவர் பிடித்துவிடுவார்.

ஒரே இணையப் பக்கம் NVDA என்ற திரைவாசிப்பானும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் சேர்ந்தால் ஒரு மாதிரி பேசும், JAWS என்ற இன்னொரு திரைவாசிப்பானும் குரோமும் சேர்ந்தால் வேறு மாதிரி பேசும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்க அவகாசம் இருக்காது. எந்தெந்த ஜோடியில் சோதிப்பது என்று லீடர் முதலில் முடிவு செய்வார். ஒரு கிளினிக்கின் முன்பதிவுத் தளம் வந்தபோது மேலே சொன்ன அந்த இரண்டு ஜோடிகளையும் எடுத்தார். இரண்டுமே லேப்டாப். அவரே சோதித்தார். பாஸ் என்று ரிப்போர்ட் போட்டார். தளமும் வெளியானது.

அந்தக் கிளினிக்கில்தான் என் மனைவி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது மாதம். அவளுக்கும் பார்வை இல்லை. ஜீவனஹள்ளியில் எங்களுக்கு மேல்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். கிளினிக்கின் பழைய தளத்தில் நேரம் வாங்க இவள் போனை அவரிடம் கொடுப்பாள். அவர் அதில் இருக்கும் கேள்விகளைச் சத்தமாகப் படிப்பார், இவள் சொல்லும் பதிலையும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். முந்தின வருடம் ஒரு கரு கலைந்தது சந்து முழுக்கத் தெரிந்தது அப்படித்தான். அக்கா கெட்டவர் அல்ல, குரல் அப்படி.

"நீங்க பாஸ் போட்ட சைட்டுதானே? இனிமே நானே போட்டுக்கறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். சாதாரண ஆண்ட்ராய்டு போன். அதிலேயே இருக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான், குரோம். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைப் படிக்கும். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதுவே அவளுக்குப் போதும். கேள்விகளை முடித்தாள். தேதி வரை வந்தாள்.

"தேதிய அமுக்கறேன், கம்முனு இருக்குங்க."

"மறுபடி அமுக்கு."

"அமுக்கிட்டேன். இதுக்கா பாஸு?"

அன்றைக்கும் போன் மாடிக்குப் போனது.

மறுநாள் லீடரிடம் சொன்னேன். "மேடம், நாம பாஸ் போட்டது எங்க வீட்ல ஃபெயில்."

சாக்கு எதுவும் சொல்லவில்லை. என்ன போன், என்ன பிரவுசர் என்று கேட்டார். பிறகு, "உங்க வீட்டுக்கு வரலாமா?" என்றார்.

மெட்ரோவில் வந்து ஆட்டோ பிடித்து வந்தோம். காபி குடித்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "நீங்க எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்க. நான் ரெண்டு கையையும் அடியில போட்டு மேல உக்காந்திருக்கேன். இல்லன்னா சும்மா இருக்காது."

"ஐயோ மேடம், கை மரத்துடப் போவுது" என்றாள் இவள்.

தேதியை அமுக்கினாள். சத்தமே இல்லை. "அப்படியே தள்ளிக்கிட்டே போங்க" என்றார் லீடர். தள்ளினாள். கிளினிக்கின் முகவரி வந்தது, போன் நம்பர் வந்தது, காப்புரிமை வந்தது. பக்கம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்கும் கீழே, காலை பத்து மணி, பத்தரை, பதினொன்று என்று வரிசையாக நேரங்கள் கிடந்தன.

"காப்பிரைட்டுக்குக் கீழ யாருங்க போய்ப் பாப்பாங்க?" என்றாள் மனைவி.

லீடர் சிரித்தார். சிரித்து முடித்ததும் அமைதியாகச் சொன்னார்: "லேப்டாப்லயும் இது கம்முனுதான் இருந்துச்சு. சத்தம் வரலன்னதும் என் கை தானா ஒரு கீயத் தட்டி அடுத்த தலைப்புக்குத் தாவிடுச்சு. அங்க நேரம் இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல."

அது எனக்கு உடனே புரிந்தது. நடைபாதையில் பள்ளம் தோண்டியிருந்தால் நாங்கள் கோலால் தட்டிப் பார்த்துச் சுற்றிப் போய்விடுவோம். ஆபீஸ் போய்ச் சேர்ந்தபின் யாராவது கேட்டால், வழி நன்றாக இருந்தது என்போம். சுற்றிப் போவது அவ்வளவு பழகிவிட்டது. அவர் எடுத்த ஜோடிகள் இரண்டுமே சுற்றிப் போகத் தெரிந்தவர்களுக்கானவை. சுற்றத் தெரியாத ஒரு விரல் அந்தச் சோதனையில் இல்லை.

மறுநாள் லீடர் கிளினிக்காரர்களுடன் போனில் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு ஆளுக்கு வந்த பிரச்சினைதானே, அடுத்த முறை பார்க்கலாமே என்றார்கள். தளத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். தப்பு அங்கேதானே இருந்தது? அவரோ, "ரிப்போர்ட் தப்பு. சோதிச்சது நான். என் பேர்லயே திருத்தி அனுப்பறேன், அதுக்கப்புறம் நீங்க சரி பண்ணுங்க" என்றார். நான் வேலை பார்த்த ஊர்களில் எத்தனையோ மேஸ்திரிகளைக் கண்டிருக்கிறேன். வேலை முடிந்து கைமாறிய பிறகு இப்படிப் பேசிய ஒருவரைக் கண்டதில்லை. அந்த நிமிடத்தில் இந்த ஊரை விட்டுப் போகும் எண்ணம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

முணுமுணுத்துக்கொண்டே சரி செய்தார்கள். இப்போது தேதியை அமுக்கியதும் நேரங்கள் இருப்பதைப் போனே சொல்கிறது, அடுத்த தள்ளலில் முதல் நேரம் வந்துவிடுகிறது. எங்கள் ஆபீஸில் எந்தத் தளம் வந்தாலும் இப்போது மூன்றாவதாக ஒரு ஜோடி உண்டு: டாக்பேக், குரோம், சாதாரண போன். அதில் சோதிக்கும்போது தாவக் கூடாது, தள்ளித்தான் போக வேண்டும். லீடர் அதைச் செய்யும்போது அவர் பொறுமையிழந்து மூச்சு விடுவது என் இருக்கை வரை கேட்கும். ஆனாலும் தாவ மாட்டார்.

அடுத்த ஸ்கேனுக்கு மனைவி தானே நேரம் எடுத்தாள். ஒரு வாரம் கழித்து மேல்வீட்டு அக்கா படியில் நின்று கேட்டார்.

"ஏம்மா, ஸ்கேனுக்குப் போடலியா? போனே எடுத்துட்டு வரலியே?"

"ஆய்த்துக்கா. போட்டாச்சு."

"எந்தக் கிழமை?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த மாசம்க்கா" என்றாள். பிறகு, சந்துக் குழாயில் தண்ணி வந்துவிட்டதா என்று கேட்டாள்.