கொம்பனிக்காரருக்கு எத்தனை குமர்?

கொழும்புக் கொம்பனி ஒன்று மகன் பளீலின் படிப்புச் செலவை முழுதாக ஏற்கப்போகிறது என்று தலைமை வாத்தியார் பூபாலசிங்கம் வீடு தேடி வந்து சொன்னபோது, அவன் உம்மா சித்தி லைலா கதவு மறைவில் நின்று கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"அந்தக் கொம்பனிக்காரருக்கு எத்தின குமர் இருக்கு, சேர்?"

வாத்தியார் சிரித்துவிட்டார். அவர் வெளியூர்க்காரர், பாவம், அவருக்கு என்ன தெரியும்? மருதமுனையில் ஏழை வீட்டுப் பையன் ஒருவன் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தால் போதும், கலியாண வயதில் குமர்ப் பெண்ணை வைத்திருக்கும் பணக்காரர்களின் கண் அவன்மேல் விழுந்துவிடும். படிக்க வைப்பார்கள், சட்டை தைத்துக் கொடுப்பார்கள், கடைசியில் மருமகனாக்கித் தங்கள் மகளின் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள். ஊரான் பிள்ளையைச் சும்மா படிக்க வைக்கிற மனிதனைச் சித்தி லைலா கண்டதே இல்லை.

இந்தக் கரையிலிருந்து சர்வகலாசாலைக்குப் போகிற பிள்ளைகள் மிகக் குறைவு, அதனால்தான் கொம்பனி இப்படியொரு ஏற்பாடு செய்திருக்கிறது என்று வாத்தியார் விளக்கினார். கொம்பனி உத்தியோகத்தர் ஒருவர் பையனுக்குப் பொறுப்பாக இருந்து பார்த்துக்கொள்வாராம். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

கணவனைக் கடல் கொண்டுபோனபின் தறியில் சாறன் நெய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அவள். பளீலுக்கு இளையவள் சுல்பிகா. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் ஊர் அது. வீடு இல்லாத குமருக்கு மாப்பிள்ளை இல்லை. அந்த வீட்டை எழுப்புவது வாப்பா இல்லாத குடும்பத்தில் அண்ணன்காரனான காக்காவின் தலையில்தான் விழும். அப்படிப்பட்ட காக்காவை எவனோ கொழும்பில் மடக்கிப் போட்டுக்கொண்டால் சுல்பிகாவின் கதி என்ன? இந்தப் பயம் அவளைத் தின்றது.

பளீல் இஞ்சினியர் படிப்புக்குப் போனான். முதற் தவணையிலேயே விழுந்தான். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் இங்கிலீசில் நடந்த பாடம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவிருந்தவனை, கொம்பனிப் பொறுப்பாளர் அபுல் ஹஸன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு கொடுத்தார். அதன்பின் ஞாயிறுதோறும் பக்கத்தில் இருந்து பாடத்தை வாசித்து விளங்கப்படுத்தினார். அடுத்த தவணையில் பளீல் தலை நிமிர்ந்தான். லீவில் வந்தவன் இதையெல்லாம் உம்மாவிடம் சந்தோசமாகச் சொன்னான். போகிற போக்கில், அவருடைய மகள் முனவ்வறாவும் அதே மேசையில் இருந்துதான் படிப்பாள் என்றான்.

அந்த மகளுக்கு எத்தனை வயது என்று சித்தி லைலா கேட்டாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் அவர்களுடைய மண் வீட்டைக் கரைத்துவிட்டுப் போனது. அடுத்த லீவில் அபுல் ஹஸன் அரிசியும் துணியுமாகக் காரில் வந்து இறங்கினார். கூடவே மனைவி. பின் ஆசனத்தில் முக்காடு போட்ட மகள். புறப்படும்போது, படிப்பு முடியும்வரை பளீலுக்குக் கலியாணம் பேசிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இனி என்ன சந்தேகம்?

கார் புழுதி அடங்குமுன் அவள் சாய்ந்தமருது அச்சிமுகம்மது போடியாரின் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். போடியாருக்கு வயலும் நெல்லு மில்லும் இருந்தன, கட்டிக்கொடுக்க ஒரு மகளும் இருந்தாள். பளீலைத் தந்தால் சுல்பிகாவுக்குக் கல்வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். வார்த்தை கொடுத்தாயிற்று. வளவுக்குள் வண்டி வண்டியாகக் கல் வந்து இறங்கியபின்தான் போடியார் மிச்சத்தைச் சொன்னார். படித்தது போதும், மாப்பிள்ளை இனி மில்லைப் பார்க்கட்டும்.

பளீல் மறுக்கவில்லை. "தங்கச்சிக்கு வீடு வேணும்தானே உம்மா" என்று மட்டும் சொன்னான். லீவு முடிந்தும் அவன் கொழும்புக்குப் போகவில்லை.

அபுல் ஹஸன் இந்தமுறை தனியே பஸ்ஸில் வந்தார். சித்தி லைலா மனதில் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினாள்.

"ஒங்கட மகளுக்கு மாப்பிள்ளையா எடுக்கத்தானே எண்ட மகனப் படிப்பிச்சீங்க? எங்களுக்கு விளங்காதா?"

அவர் கூடப்பிறந்த அக்காவிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"நானும் இந்தக் கரைதான், பொத்துவிலான், தாத்தா. என்னையும் ஒரு பணக்காரர்தான் படிப்பிச்சார். அவர்ர மகளத்தான் கலியாணம் முடிச்சன். நல்ல மனிசி, குறை சொல்லமாட்டன். ஆனா இருவது வரிசமா அந்த வீட்டுல ஒரு நாளும் வாய் திறந்து வேணாம் எண்டு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. ஒரு பிள்ளையாவது ஆருக்கும் கடன்படாமப் படிக்கட்டும் எண்டுதான் கொம்பனியோட மாரடிச்சு இத வாங்கினன். மகளக் கூட்டிக்கொண்டு வந்தது எண்ட மடத்தனம்."

சித்தி லைலா வளவில் குவிந்திருந்த கல்லைப் பார்த்தாள். எவனோ மகனை விலைக்கு வாங்குகிறான் என்று பயந்து, அவளே அவனை விற்றுவிட்டாள்.

வெள்ளத்துக்குப் பின் போட்ட ஓலைக் குடிசைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் சுல்பிகா. அதுவரை யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விடிந்ததும் பக்கத்து வளவு வண்டிக்காரனைக் கூப்பிட்டு, கல்லையெல்லாம் போடியார் வீட்டுக்குத் திருப்பி ஏற்றச் சொன்னாள். அவன் தயங்கியபோது தானே இறங்கிக் கல்லைத் தூக்கி வண்டியில் வைத்தாள். காக்காவைப் பார்த்து, "நீங்க பஸ்ஸப் புடிங்க" என்றாள்.

பளீல் படித்து முடித்தான். அவன் தெருவில் முதல் இஞ்சினியர் அவன்தான். சம்பளம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தங்கைக்குக் கல்வீடு கட்டினான், அந்தக் கரையில் யாரும் கட்டாத அழகில். ஆனால் வார்த்தை தவறிய வீடு என்ற பேச்சைப் போடியார் அதற்குள் ஊரெல்லாம் பரப்பியிருந்தார். வீடு எழும்பியது, மாப்பிள்ளை வரவில்லை. புதுச் சுவருக்குள் சுல்பிகா பழைய தறியில் சாறன் நெய்தாள்.

அடுத்த வருடம் கொம்பனி அதே ஊரில் இன்னொரு பையனைத் தெரிந்தெடுத்தது. அவனுடைய உம்மா, பின்தெரு உம்மு, விசாரிக்க ஓடி வந்தாள். கொம்பனிக்காரருக்கு எத்தனை குமர் என்றுதான் அவளும் கேட்டாள்.

"அவருக்கு ஒண்டும் வேணாம் புள்ள, பயப்படாம அனுப்பு" என்றாள் சித்தி லைலா. பிறகு தறிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ட வீட்டயும் ஒரு குமர் இருக்காள்தானே. ஆருக்கும் வார்த்தை குடுக்க முந்தி அவள்ட்ட ஒருக்காக் கேளு. நான் கேக்கல்ல."