ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுக் கேளுங்கள். வேறு யாராவது வந்து இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன், பிறகு ஒரு டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பேன். ஏனென்றால் முப்பத்து மூன்று வருடம் கொழும்பில் வீடு வீடாக ஏறி வயரிங் சோதித்த ஆள் நான். விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது, வீட்டில் ஏதோ இருக்கிறது என்று எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள்! ஜிந்துப்பிட்டியில் ஒரு வீட்டில் பேய் ஓட்டத் தேசிக்காய் வெட்டி, கழிப்புக் கழித்து, ஒன்றும் சரிவராமல் கடைசியில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் நியூட்ரல் வயர் லூஸ். ஒரு திருகாணியை இறுக்கினேன், பேய் போய்விட்டது. எனக்குத் தெரிந்த பேயெல்லாம் அந்த வகைதான்.

இது நடந்தது நான் ஓய்வு பெற்ற பிறகு, நானும் என் மனைவி பவளமும் ஊர் சுற்றிய அந்த ஒரு வருடத்தில். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு பழைய மாடி வீடு இருந்தது. மகள் சுபா கல்யாணம் முடித்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள், எங்கள் இரண்டு பேருக்கு அந்த ஆறு அறையும் எதற்கு, மாடிப்படி ஏறினால் என் முழங்கால் கத்துகிறது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், இரண்டு அறை ஃபிளாட் ஒன்றைப் பார்த்தேன். பிடித்திருந்தது. முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்துதான் பவளத்திடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஓம், உங்களுக்குச் சரியெண்டால் சரி" என்றாள். அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிட்டதென்று நினைத்த மடையன் நான்.

வருடத் தொடக்கத்தில் சிதம்பரம் போனோம், பிறகு நுவரெலியாவில் ஒரு கிழமை நின்றோம். பவளம் நன்றாகத்தான் இருந்தாள், சிதம்பரத்தில் என்னை விட வேகமாக நடந்தாள். வைகாசியில் ஃபிளாட்டில் பால் காய்ச்சினோம், சாமிப் படங்களையும் முக்கியமான சாமான்களையும் கொண்டுபோய் வைத்தோம். பழைய வீட்டுக்கும் விலை பேசி முடித்தேன், அதை வாங்குகிறவர் வெளிநாட்டில் இருந்தார், மார்கழியில் வந்துதான் பூட்டுத் திறப்பை வாங்குவாராம். அதற்கிடையில் ஆறு மாதம் மகளோடு இருந்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டாயிற்று.

புறப்படுகிற அன்று பின்னேரம் எயார்போட்டுக்கு வான் வந்து கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் நிற்கிறது. நான் என் வழக்கப்படி மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளே இருந்த ஃபியூஸைக் கழற்றித் துணியில் சுற்றி சூட்கேஸில் வைத்தேன். பூட்டிவிட்டுப் போகிற வீட்டுக்கு எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்த வேலை அது. மீற்றர் எண்ணையும் ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் மேலே பவளத்தின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, கறன்ட் போயிட்டுது."

மாடியில் தெருப் பக்க ஜன்னலோரம்தான் எங்கள் சாமி இடம். படங்களைக் கொண்டுபோய்விட்டோம், வெறும் தட்டும் அதற்கு மேலே ஒரு சிவப்புப் பல்பும்தான் மிச்சம். பின்னேரம் ஆறு மணிக்கு அந்தப் பல்பைப் போட்டு, கும்பிட்டு, ஒன்பதுக்குப் படுக்கப் போகும்போது அணைப்பாள். கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, வீட்டில் நிற்கிற நாள் ஒன்றும் தவறவிடாத வேலை. கடைசியாக ஒரு தரம் போட்டுவிட்டு வரலாம் என்று ஏறியிருக்கிறாள். நானோ கீழே ஃபியூஸைக் கழற்றிவிட்டேன்.

"ஃபியூஸ் கழட்டியாச்சு, வாரும். வான்காரன் கத்துறான்" என்றேன்.

திரும்பவும் மாட்ட இரண்டு நிமிடம் பிடித்திருக்காது. மாட்டவில்லை. மேலே சுவிட்ச் "டிக்" என்றது, எரியாது என்று தெரிந்தும் போட்டிருக்கிறாள். பிறகு இறங்கி வந்தாள்.

ரொறன்ரோவில் முதல் கிழமையிலேயே அது தொடங்கிவிட்டது. காலை எட்டரைக்கு பவளம் குசினி ஜன்னலோரக் கதிரையில் போய் உட்காருவாள், உட்கார்ந்தால் கால் மணி நேரம் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். கண் திறந்திருக்கும், தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். பிறகு எழும்பிச் சாதாரணமாகப் பாத்திரம் கழுவுவாள். கேட்டால், சும்மா இருந்தனான் என்பாள். மற்ற நேரத்திலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில். சாப்பாடு குறைந்தது, சிரிப்பு நின்றது. சுபா பயந்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் நோர்மல், புது இடம், வயது, அவ்வளவுதான் என்றார்கள். நானும் அப்படித்தான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் நவம்பரில் அந்த நாட்டு வழக்கப்படி மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள். அடுத்த நாள் காலை பவளம் ஏழரைக்குப் போய் உட்கார்ந்தாள்.

நம்பினால் நம்புங்கள், இதன் கணக்கு எனக்கு அப்போது பிடிபடவில்லை. அங்கே எட்டரை, மணிக்கூட்டைத் திருப்பிய பிறகு ஏழரை, இரண்டுமே கொழும்பில் பின்னேரம் ஆறு மணி.

மார்கழியில் திரும்பி வந்து நேரே ஃபிளாட்டில் இறங்கினோம். திங்கட்கிழமை வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும், அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பவளத்தைக் கூப்பிட்டேன், தலையாட்டி மறுத்துவிட்டாள். சூட்கேஸிலிருந்த ஃபியூஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கேற்றைத் திறக்கிறேன், எதிர் வீட்டு றிஸ்வானா ஓடி வந்தாள். இருபது வருட அயல், எங்களுக்குப் பிள்ளை மாதிரி.

"அங்கிள், எப்ப வந்த? அன்ட்டிய இப்படித் தனிய உட்டுட்டுப் போறதா?"

"அன்ட்டி என்னோடதான் வந்தவ பிள்ளை. ஆறு மாசமும் கனடாவில."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சும்மா பொய் செல்லாதீங்க அங்கிள். பின்னேரம் மஃரிபுத் தொழுகைக்கு பாங்கு செல்லக்குள்ள மேல செவப்பு லைட் பத்தும், அன்ட்டி ஜன்னல்ல நிப்பா. நான் கை காட்டுவன், சிரிப்பா. எங்கட மகள்ட கலியாணத்தன்டும் மேல நின்டுதான் பார்த்த. கீழ வாங்கன்டு கூப்பிட்ட, வரல்ல. எங்களோட ஏதும் கோவமா?"

கோபம் இல்லை என்றேன். யாரோ பூட்டை உடைத்து உள்ளே இருந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பூட்டு அப்படியே இருந்தது. இரண்டு திறப்பும் ஆறு மாதமாக என்னிடம்தான். உள்ளே தரை முழுக்கத் தூசி, நான் நடக்க நடக்க என் அடி மட்டும் பதிகிறது. மாடிப்படியிலும் அப்படித்தான், வேறு ஒரு அடியும் இல்லை. மேலே சிவப்புப் பல்பின் சுவிட்சைப் பார்த்தேன். வீட்டில் எல்லாச் சுவிட்சிலும் தூசி அப்பிக் கிடக்க, அது ஒன்று மட்டும் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது.

கீழே வந்து மீற்றரைப் பார்த்தேன். நான் குறித்துவைத்த எண்ணை விட எட்டு யூனிட் கூட. அயலில் யாரோ கறன்ட் களவெடுக்கிறான் என்று, முழங்காலையும் மறந்து, ஒரு மணித்தியாலம் வயர் வயராகத் தேடினேன். ஒரு கள்ள இணைப்பும் கிடையாது. மெயின் சுவிட்சுக்குள் ஃபியூஸ் இருந்த இடம் வெறும் ஓட்டை, அதற்குள் சிலந்தி வலை. பிறகு பழக்கத்தில் மனம் தானாகக் கணக்குப் போட்டது. பதினைந்து வாட் பல்ப், ஆறிலிருந்து ஒன்பது வரை, ஆறு மாதம். எட்டு யூனிட்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மாடிப்படியில் மேலேயிருந்து சிவப்பு வெளிச்சம் இறங்கி வந்து என் காலடியில் விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறினேன். பல்ப் எரிகிறது. அறையில் ஒருவரும் இல்லை. போனை எடுத்து ஃபிளாட்டில் இருக்கும் பவளத்துக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. நாலு தரம் அடித்தேன். இந்த நேரம் அங்கே ஜன்னலோரம் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நாளைக்கு இந்த வீட்டுத் திறப்பை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டால் பிறகு நான் பவளத்தை எங்கே போய்க் கூப்பிடுவேன்? அந்தப் பயம் வந்தபோது பேய்ப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தூசித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"பவளம், உம்மைக் கேளாமல் செய்திட்டன். வீட்டையும் கேளாமல் வித்தன், ஒரு விளக்குப் போடவும் விடேல்லை. பிழை என்னில தான். வாரும், வீட்ட போவம்."

பிறகு சுவிட்ச் தானாக "டிக்" என்று மேலே ஏறியது. பல்ப் அணைந்தது.

எப்படி இறங்கினேன், எப்படித் த்ரீவீலர் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். வெள்ளவத்தையில் ஃபிளாட் கதவைத் தட்டும் முன்பே பவளம் திறந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது, ஆறு மாதமாக நான் காணாத சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டாள், கன்னத்தைத் தடவினாள்.

"எப்ப வந்தனீங்கள்? சரியா மெலிஞ்சு போனியள். சுபா எப்படி இருக்கிறாள்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. கனடாவுக்குப் போனதே அவளுக்குத் தெரியாது. சிதம்பரம் தெரியும், நுவரெலியா தெரியும், இந்த ஃபிளாட்டில் பால் காய்ச்சியது தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் கொட்டாஞ்சேனையைச் சொல்கிறாள். ஐப்பசி மழைக்கு வீட்டின் பின்பக்க அறை ஒழுகியதாம். றிஸ்வானாவின் மகளுக்குக் காரை வெள்ளை ரோசாவால் சோடித்திருந்தார்களாம், மாப்பிள்ளை சரியான உயரமாம். மறுநாள் திறப்பைக் கொடுக்கப் போனபோது விசாரித்தேன், எல்லாம் சரி. பொரளையில் ஒரு பெரிய டொக்டரிடமும் காட்டினேன். ஞாபக சக்தியைச் சோதிக்க அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொல்லிவிட்டு, அவரைத் திருப்பி இரண்டு கேள்வி கேட்டாள். இந்த வயதில் இவ்வளவு தெளிவு அபூர்வம் என்றார் டொக்டர்.

இப்போது நன்றாக இருக்கிறாள். வயிறாரச் சாப்பிடுகிறாள், பின்னேரம் கடற்கரையில் என்னோடு நடக்கிறாள், என்னைப் பழையபடி நக்கலடிக்கிறாள். என் பவளம் இவள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு குறை மட்டும் சில நேரம் சொல்லிக் காட்டுவாள், அப்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

"ஆறு மாசம் என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியள். ஒருக்காக் கூடக் கோல் எடுக்கேல்லை."

சுபா இந்த முறையும் கூப்பிட்டிருக்கிறாள், டிக்கெட்டும் போட்டாயிற்று. பவளத்துக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம், முதல் தரம் கனடா பார்க்கப் போகிறாளாம். போன கிழமை காலி வீதிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, தானே ஒரு குளிருடுப்பு தெரிவு செய்து வாங்கி வந்தாள், நாவல் நிறம், முன்பக்கம் பெரிய பொத்தான்கள். போட்டுக் காட்டி, எப்படி இருக்கு என்று கேட்டாள். வடிவாக இருக்கிறது என்றேன். அதே நிறத்தில், அதே பொத்தானோடு, போன முறை அங்கே அவள் குளிருக்கு நாளும் உடுத்துக் கழுத்துப் பட்டி நைந்துபோன ஒன்று கனடாவிலிருந்து வந்த பெட்டிக்குள் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அதை நான் இன்னும் அவளுக்குக் காட்டவில்லை.