ராஜ்யோத்சவ நாளில் பவளம் அக்கா வாங்கிய மெஷின்

பவளம் அக்கா பதினோரு வருடம் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக டிரில்லிங் மெஷினில் நின்றவர். போன வருடம் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வெளியே அனுப்பினார்கள். சொந்த ஊரான கல்லாவிக்கே திரும்பி வந்துவிடச் சொன்னார் அண்ணன். அக்கா போகவில்லை. கூடவே வேலை இழந்த தங்கமணியையும் ரஞ்சிதாவையும் சேர்த்துக்கொண்டு பத்தலப்பள்ளியில் ஒரு ஷெட் பிடித்தார். இரும்புப் பாகங்களில் துளை போட்டுத் தர ஆர்டர்கூடக் கிடைத்துவிட்டது. மெஷின்தான் இல்லை.

கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனி தன் பழைய டிரில்லிங் மெஷினை நான்கு லட்சத்து இருபதாயிரத்துக்கு விற்க இருந்தது. நவம்பர் முதல் தேதி மதியம் இரண்டு மணிக்குள் அவர்கள் கணக்கில் பணம் ஏற வேண்டும், தவறினால் அடுத்தவருக்கு. அந்த அடுத்தவர் பழைய மெஷின் தரகர் சென்னப்பன்.

நவம்பர் ஒன்று கர்நாடகத்தில் ராஜ்யோத்சவம், மாநிலம் உருவான நாள். அங்கே பேங்க் மூடியிருக்கும், ஓசூரில் திறந்திருக்கும். அன்றைக்கு எல்லை தாண்டிப் பேங்கில் பணம் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் பழகிப்போன வழக்கம். ஆனால் ரஞ்சிதாவின் நகைக்கடன் கைக்கு வந்ததே அன்று காலையில்தான்.

ஓசூர் கிளையில் ஆர்டிஜிஎஸ் படிவத்தை நீட்டிய அக்கா, பணம் இன்றைக்கே போகுமா என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். கவுண்ட்டரில் இருந்த பெண் சலிக்காமல் விளக்கினாராம். எல்லா பேங்குக்கும் ரிசர்வ் பேங்கில் ஒரு கணக்கு உண்டு. நம் பேங்கின் கணக்கில் கழித்து, அவர்கள் பேங்கின் கணக்கில் அப்போதே ஏற்றிவிடுவார்கள். இப்போது அது லீவு நாளிலும் நடக்கிறது. ஏறிய பிறகு அனுப்பியவரே நினைத்தாலும் திரும்ப இழுக்க முடியாது. பதினொன்றே முக்காலுக்குப் பணம் போனது. அதற்கு அடையாளமான யூடிஆர் நம்பர் எழுதிய சீட்டை அக்கா வாங்கிக்கொண்டார்.

ஒன்றேகாலுக்குத் தங்கமணியோடு அத்திப்பள்ளி போய்ச் சேர்ந்தால், சென்னப்பன் கிரேன் லாரியோடு நிற்கிறார். கம்பெனி மேனேஜர் சிவராஜ் சீட்டைப் பார்க்கவேயில்லை.

"இன்னிக்கு ராஜ்யோத்சவ அம்மா. பேங்க் ரஜா, லீவு. பணம் நாளைக்குத்தான் வரும். நீங்க வாபஸ் வாங்கிக்கோங்க."

சென்னப்பன் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா இரும்பு யாவாரம்? தையல் மிசினு வாங்கு, நானே எறக்கித் தரேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. நேரே போய் மெஷினுக்கும் கிரேன் கொக்கிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"சார், பணம் என்ன பஸ் ஏறியா வருது, உங்க கிளை கதவு தொறந்திருக்க? ரிசர்வ் பேங்குல எங்க பேங்கு கணக்குல கழிச்சி உங்க பேங்கு கணக்குல ஏத்தியாச்சி. வாபஸ் வாங்க என்னாலயும் முடியாது, அந்த பேங்கு மேனேஜராலயும் முடியாது. உங்க கணக்கப் பாருங்க. பாக்காம இந்தக் கொக்கி எறங்காது."

சிவராஜ் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். அவர் அருகில் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா நின்றுவிட்டார். மணி ஒன்றரை. ஒன்றே முக்கால். தங்கமணி அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அசையவில்லை. போன் பண்ணிக் கேட்க இரண்டு நிமிஷம், கேட்காமல் என்னை நகர்த்த எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் சிவராஜ் வீட்டிலிருந்த கணக்காளரைப் போனில் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஏதோ எரிந்து விழுந்தார். கணக்காளர் கணக்கைப் பார்த்துச் சொன்னார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பணம் பன்னிரண்டு மணிக்கு முன்பே ஏறியிருந்தது.

இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் அக்கா துள்ளவில்லை, கண் கலங்கவில்லை. ரசீது கேட்டார். சிவராஜ் சீல் இல்லை, இன்று லீவு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று இழுத்தார்.

"சீலு நாளைக்கி வெச்சிக்கலாம் சார். கையெழுத்துக்கு லீவு இல்ல."

கையெழுத்தும் கேட் பாஸும் கைக்கு வந்தன. அதன் பிறகுதான் அக்கா சென்னப்பனைப் பார்த்தார்.

"அண்ணா, கிரேன் சும்மாதான நிக்குது. பத்தலப்பள்ளிக்கு எவ்வளோ?"

சென்னப்பன் ஏழாயிரம் என்றார். வெறுங்கையோடு திரும்பினாலும் டீசல் செலவு உங்களுக்குத்தானே என்றார் அக்கா. மூவாயிரத்து ஐநூறுக்குக் கொக்கி இறங்கியது.