விட்டு விட்டுக் கேட்ட பாட்டு

ஐம்பத்திரண்டு வயதில், படித்தவன் என்று சொல்லிக்கொள்கிற நான், என் கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். யாரும் கட்டச் சொல்லவில்லை. நானே கடைக்குப் போய், நல்ல மஞ்சளாகப் பார்த்து வாங்கி வந்து கட்டினேன்.

எல்லாம் அவனால்தான். கல்யாணக் கச்சேரிக் குழுவில் பத்து வருஷம் என்னோடு சேர்ந்து சவுண்ட் பார்த்தவன். தி. நகர் மண்டபம் ஒன்றில் நான் வைத்த மைக் 'கூ'வென்று அலறியபோது, அதே மைக்கைப் பிடுங்கி, "நம்ம சாரு நாளைக்குக் காது டாக்டரைப் பாக்கப் போறாரு, எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க!" என்றான். மாப்பிள்ளைகூடத் தட்டினார். அந்தக் கைதட்டலை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

பழி வாங்க வாய்ப்பு தானாக வந்தது. மயிலாப்பூரில் பாட்டு சொல்லித்தரும் மாமி ஒருவர் பஜனை ஆல்பம் பதிவு செய்திருந்தார். ஒரே பாட்டை எங்கள் இருவருக்கும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து யார் நன்றாக மிக்ஸ் பண்ணுகிறாரோ அவருக்கே முழு ஆல்பமும் என்றார். எனக்குப் பக்தியெல்லாம் இல்லை. அவன் மூக்கு உடைந்தால் போதும்.

அடையாறு வீட்டில் வேலையை ஆரம்பித்தால், பாட்டு நடுநடுவே அறுந்தது. மாமி 'முரு' என்பார், அரை நொடி ஒன்றுமே இருக்காது, பிறகு 'கா' என்பார். கம்ப்யூட்டர் ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பஃபர் அளவைக் கூட்டினேன். வைஃபையை அணைத்தேன். கேபிளை மாற்றினேன். கரண்ட்டில் கோளாறோ என்று ஃபிரிட்ஜைக்கூட நிறுத்தினேன்.

"பாலு திரிஞ்சு போச்சு," என்றாள் மனைவி. "அந்தாளு மேல கோவம்னா எங்களுக்கு ஏன் காபி இல்ல?"

அதன் பிறகுதான் எலுமிச்சம்பழம்.

சனிக்கிழமை அசோக் நகரிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். மிக்ஸைத் திறந்து கீழே கீழே உருட்டினார்.

"இன்னா சார் இது? மாமி பாட்டு ஆறே டிராக்கு. அதுக்குக் கீழ பதினோரு டிராக்க மூடி வெச்சிகினு கீற. யாரு பாட்டு?"

"அது... வேற ஒருத்தரோடது."

அவன் மிக்ஸ் செய்து வெளியான பாட்டுகள். குற்றம் கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் மேலும் ஒலியை அலசும் கருவிகள் நாலைந்தைப் போட்டு வாரம் முழுக்கக் கேட்டேன். ஒரு தப்பும் சிக்கவில்லை. கேட்டு முடித்ததும் சத்தத்தை மட்டும் அடைத்து வைத்திருந்தேன்.

"சத்தத்த மூடுனா சும்மா கீதுன்னு நெனச்சியா? அத்தினியும் உள்ள ஓடிக்கினுதான் கீது, நைனா. மிசினுக்கு மூச்சு வாங்குது. உன் பாட்டுக்கு எங்க நேரம்?"

பதினொன்றையும் அழித்தேன். ஒவ்வொன்றாக, ருசித்து. மாமியின் குரல் அறுபடாமல் ஓடியது. ஞாயிறு காலை வேலையை முடித்து அனுப்பிவிட்டு, அவன் முகம் தொங்கப்போவதை நினைத்து இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மாமி போன் செய்தார்.

"கேட்டேன், சுத்தமா இருக்கு. ஆனா அவர் குடுத்ததும் அச்சு அசல் இப்படியேதான் இருக்கு."

"மாமி, இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"மூணு தடவை கேட்டாச்சு. அவரை மாதிரியே பண்றதுக்கு அவரே இருக்காரே, நீங்க எதுக்கு?"