பின் சீட்டில் ஈரம்

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நாங்கள் வீட்டில் பிய்ந்தது, உடைந்தது எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டோம். சோல் ஒட்டும் சொல்யூஷன் ஒரு சின்ன டப்பாவில் அலமாரியில் எப்போதும் இருக்கும். செருப்பு வார், ஸ்கூல் பை, பக்கெட் கைப்பிடி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. நானும் என் கணவரும் ராணிப்பேட்டையில் ஒரே கம்பெனி. நான் சோல் ஒட்டும் பிரிவில், அவர் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். அதனால் எங்கள் பழைய காரின் பெட்ரோல் பம்ப் போனபோது, மெக்கானிக் எதற்கு என்று அவரே புதுசு வாங்கிவந்து வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே மாட்டினார்.

பம்ப் இருப்பது பின் சீட்டுக்கு அடியில், டேங்கின் மேல். பழையதைக் கழற்றும்போது பெட்ரோல் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மனிதர் என்ன செய்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? சொல்யூஷன் தடவி ஒட்டினார். சாயங்காலம் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பம்பின் மேல்மூடியைக்கூட முடுக்காமல் சீட்டை மேலே போட்டுவிட்டுக் காபி கேட்டார்.

மறுநாள் காலை என் மாமியாரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அதைப் பிரிக்கும் நாள். அத்தையைப் பின் சீட்டில் காலை நீட்டிப் பாதி படுத்தாற்போல் உட்கார வைப்பதற்குள் எங்கள் இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. கட்டுப் போட்ட கால் எதிர்க் கதவை முட்டிக்கொண்டு நின்றது.

அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும் அதே கதை. இறங்கிப்போய் பேட்டரி வயரை ஆட்டிப் பார்த்தார், ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பம்ப் ஓடற சத்தமும் கேக்குது பாரு," என்றார். "உள்ள காத்து பூந்திருக்கும். நாலு வாட்டி சாவிய ஆன் பண்ணி ஆஃப் பண்ணா சரியாய்டும்."

"இன்னாடா நாத்தம் இது? கொமட்டிக்கினு வருது," என்றார் அத்தை.

அத்தை இதைச் சொல்வது புதிதில்லை. எங்கள் துணியில் சொல்யூஷன் வாடை அடிக்கிறது என்று என் கல்யாணத்திலிருந்தே மூக்கைப் பொத்துகிறவர். எங்களுக்கோ மூக்கு என்றைக்கோ மரத்துப்போய்விட்டது. "நேத்து போட்ட சொல்யூஷன்மா, போய்டும்," என்றார் அவர். "ஜன்னல எறக்கிக்குங்க அத்தை," என்றேன் நான்.

"காலங்காத்தால பேஜாரு. ரிப்பேர் பண்ண வண்டிக்கு கற்பூரம் சுத்தினீங்களா, இல்லையே! அப்புறம் எப்பிடிக் கெளம்பும்? போம்மா, ஏத்திக்கினு வா," என்றார் அத்தை.

வண்டி வாங்கினாலும் பழுது பார்த்தாலும் கற்பூரம் சுற்றாமல் தெருவில் இறக்க அத்தை விட மாட்டார். முந்தின நாள் எங்களுக்கு மறந்துபோயிருந்தது. உள்ளே போய் ஸ்டீல் தட்டில் நாலு வில்லை வைத்து ஏற்றி, வண்டிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினேன். அவர் சாவியைத் திருப்புவதும் நிறுத்துவதுமாக இருந்தார். அத்தை கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு பின் ஜன்னல் பக்கம் நடந்தேன்.

"ஏம்மா, தண்ணி பாட்டில் சாஞ்சிடுச்சா?" என்றார் அத்தை. "முதுகெல்லாம் சில்லுனு இருக்குது."

தண்ணீர் பாட்டில் என் தோள் பையில் இருந்தது.

சொல்யூஷன் கையில் ஒட்டிக்கொண்டால் வீட்டில் நாங்கள் துணியில் பெட்ரோல் தொட்டுத்தான் துடைப்போம். உடனே கரைந்துவிடும். துடைத்த இடம் சில்லென்று இருக்கும். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழாயை ஒட்டிய பசை ராத்திரியே கரைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் பம்ப் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பவில்லை, அத்தையின் முதுகுக்கு அடியில் பீய்ச்சியிருக்கிறது. நான் நெருப்போடு அங்கே போய்க்கொண்டிருக்கிறேன்.

"பெட்ரோல்! சாவியத் திருப்பாதீங்க!" என்று கத்தினேன். ஊதி அணைக்கப் பயம், கீழே போடப் பயம். திரும்பித் தெருவில் ஓடினேன். எந்த நொடியும் பின்னாலிருந்து குப்பென்று சத்தம் வரும் என்று காதெல்லாம் பின்னாலேயே இருந்தது. தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் தட்டைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் போட்டேன். அணைந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் அத்தையின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கால் எதிர்க் கதவுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் சிக்கி வர மறுத்தது. நான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து காலைத் தூக்கினேன். கட்டு கதவில் இடித்து அத்தை அலறினார். நாங்கள் நிறுத்தவில்லை. அத்தையின் புடவையிலிருந்து பெட்ரோல் சொட்டி என் கையெல்லாம் சில்லிட்டது. எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். குழாய் தனியாகக் கிடந்தது. தொட்டதும் பசை சளிபோல நூல் நூலாக வந்தது. நான் அன்றைக்கு அவரைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை.

அத்தைக்குத் துணி மாற்றினோம். எதிர்வீட்டு பாய் தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டார். ஆட்டோ மேல்விஷாரம் தாண்டியது. அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ பெட்ரோலுன்னு கத்திக்கினு ஓடினப்போ, என்னை வுட்டுட்டு ஓடறியோன்னுதான் நெனச்சேன். காலு இப்பிடி கெடக்குது. நான் எங்க ஓடறது?"

நெருப்பை எடுத்துக்கொண்டுதான் ஓடினேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அத்தை என் முந்தானையை எட்டிப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டார். வேலூரில் எக்ஸ்ரே அறை வாசலில் நர்ஸ் இரண்டு முறை சொன்ன பிறகுதான் விட்டார்.